பூவைக் கிள்ளி வளர்த்த கிழங்கு

இதை அச்சுக் கோக்கப் போகிறவருக்கு முதலில் ஒரு விண்ணப்பம். என் எழுத்தைக் கண்டு சினக்க வேண்டாம். ஊர் மிசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் மலாயாவில், சிரம்பான் ரயில் நிலையத்துச் சாமான் கொட்டிலில், சாக்குகளின் முதுகில், தார் தொட்டு எழுதிய இலக்கங்கள்தான். ஆகையால் ஒவ்வொரு எழுத்தும் தூரத்திலிருந்து பார்க்க எழுதியதுபோலப் பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். எங்கே ரகரம் போடுவது, எங்கே றகரம் போடுவது என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. பிழை கண்ட இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிப் பார்க்கிறேன். மலாயாவில் இருக்கும் நம்மவர்களும் வாசிக்க வேண்டும், ஊரில் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்பது ஆசை.

நீண்ட விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்கு வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து காலையில் ஒன்று நடக்கிறது. என் மனைவி தெய்வானை கோப்பி கொண்டு வருவாள். எனக்கு வெள்ளி மூக்குப்பேணியில் வரும். அது அவளுடைய சீதனத்தோடு வந்த பேணி. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் கோயில் ஐயருக்கும் மட்டும் எடுப்பது. அவளுடைய தமையன் கார்த்திகேசுவுக்கு வாய் நெளிந்த ஒரு பித்தளைப் பேணி. அதை அவள் கொண்டுபோய்க் கொடுப்பதுகூட இல்லை. அவன் குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தியிருந்து தானே எடுத்துக் குடிப்பான். உள்ளே இருவரும் கதைத்துச் சிரிப்பது கேட்கும். நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். "ஏன் எழும்பி வந்தனீங்கள், இருங்கோ, கொண்டு வாறன்தானே" என்பாள். வேறு ஒருவனுக்கு இது மரியாதையாகத் தெரிந்திருக்கும். எனக்கு அந்த நெளிந்த பேணியின் மேல் பொறாமையாக இருந்தது.

கார்த்திகேசு எனக்கு மச்சான், என் வயதுக்காரன். மனைவியை இழந்தவன். ஒரே மகளைச் சாவகச்சேரியில் கட்டிக் கொடுத்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய வீடு. ஆனால் மூன்று வேளையும் சாப்பாடு இந்தப் பக்கம்தான். புகையிலைத் தோட்டம் செய்கிறான். அது போக, தங்கச்சியின் வளவில் ஓர் அடி நிலத்தைச் சும்மா விட்டதில்லை. கிணற்றடியில் சேம்பு, மாட்டுக் கொட்டிலின் பின்னால் கரணை, வேலியோரம் மரவள்ளி, மணல் கொட்டிய பாத்தியில் சிறுகிழங்கு, பூவரச மரத்தில் ஏற்றிவிட்ட இராசவள்ளி. அவன் மண்ணைக் கிண்டிக் கிழங்கு எடுத்துக் கொடுப்பான், அவள் சமைப்பாள். சண்டிலிப்பாயில் கிழங்கு என்றால் இந்த வளவைத்தான் கை காட்டுவார்கள். கார்த்திகேசுவுக்குக் கைராசி என்றும் சொல்வார்கள். பக்கத்து வளவுக்காரர் கொடி நடுவதென்றால் அவனைக் கூப்பிட்டு முதல் கிழங்கைக் குழியில் வைக்கச் சொல்வார்கள். என் கையால் நட்டு ஏதாவது முளைத்ததா என்று எனக்கே தெரியாது. கல்யாணம் முடித்த அடுத்த வருடமே கப்பல் ஏறினேன். அதற்குப் பிறகு லீவில் வந்து போனதுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"மச்சான், உவள் தெய்வானை கிழங்கெண்டால் சீவனை விடுவாள்" என்று ஒரு நாள் கார்த்திகேசு சொன்னான். "சின்னனிலை மரவள்ளிக்கிழங்குக்காக என்ரை கையைக் கடிச்சவள். இஞ்சை பார், தழும்பு."

"பொய்! நீ என்ரை கிழங்கைக் களவெடுத்தாய், அதுதான் கடிச்சனான்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

எனக்கு அவள் கடித்த தழும்பு கிடையாது. சிரித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன்.

இந்த முறை நான் வந்தது ஒரு கேள்வியோடு. இவ்வளவு காலமும் நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்தேன். இப்பொழுது ரயில்வேயில் எனக்கு இரண்டு அறை உள்ள ஒரு குவாட்டர்ஸ் தந்திருக்கிறார்கள். பின்னால் சிறிய வளவும் உண்டு. முன்பெல்லாம் தெய்வானை வர முடியாமல் இருந்ததற்கு அவளுடைய தாயார் படுக்கையில் கிடந்தது காரணம். தாயார் போய்விட்டார். இனி அவள் வரலாம். இந்த வசனத்தைக் கப்பலில் பினாங்கிலிருந்து கொழும்பு வரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் சில நாள் சொல்லவில்லை. கடைசியில் அவள் கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது சொன்னேன்.

"குவாட்டர்ஸ் தந்திருக்கினம். ரண்டு அறை. நீர் வாறீரோ?"

அவள் அரிசியைப் பார்த்துக்கொண்டே, "பாப்பம்" என்றாள். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்பது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"அங்கை கிழங்கு விளையுமோ?"

மலாயாவில் என்ன சம்பளம், வீடு ஓடா தகரமா, கோயில் கிட்டவா என்றெல்லாம் கேட்பாள் என்று பதில் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். இதற்கு ஆயத்தம் இல்லை. "விளையும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய் என் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து கொஞ்ச விதை இருந்தது.

அந்த விதையின் கதையைச் சொல்ல வேண்டும். சிரம்பானுக்குப் போன புதிதில், நாங்கள் இருந்த அறைக்குப் பின்னால் மக் லிமா என்ற மலாய்க்கார அம்மா இருந்தார். ஒரு நாள் அவர் வேலிக்கு மேலால் ஒரு கிழங்கை நீட்டினார். பெரிய வெங்காயம்போல உருண்டை, மண்ணிறத் தோல். "செங்குவாங்" என்றார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கிழங்கு என்றால் அவிப்பது என்பதைத் தவிர யாழ்ப்பாணத்தானுக்கு வேறு என்ன தெரியும்? பானையில் போட்டு அடுப்பை மூட்டினேன். அவிகிறது, அவிகிறது, மாப்பிடிக்கவே இல்லை. மக் லிமா வந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். இன்னும் அவியவில்லை என்கிறார் என்று நினைத்து மேலும் இரண்டு விறகு வைத்தேன். அவர் மறுபடியும் கையை ஆட்டினார். நான் மறுபடியும் விறகு வைத்தேன். கடைசியில் அவர் உள்ளே வந்து பானையை இறக்கி வைத்துவிட்டு, தன்னிடம் இருந்த இன்னொரு கிழங்கின் தோலை விரலாலேயே உரித்து, கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாயும் தொட்டு என் கையில் வைத்தார். பச்சையாகத் தின்பது! பனிநீர்போலக் குளிர்ச்சி, கடித்தால் மொறுக்கென்று சத்தம். அந்த நாட்டில் எனக்குப் பிடித்த முதல் பொருள் அதுதான். பின்னாளில் அவர்தான் அதைப் பயிர் செய்யும் முறையும் காட்டித் தந்தார். அவரைக்கொடிபோல ஏறும். நாவல் நிறத்தில் பூக்கும். பூவை விட்டால் காய்க்குச் சாரம் போய்விடும். காய் முற்றினால் நஞ்சு, தின்னக் கூடாது. கிழங்கு பெருக்க வேண்டுமானால் காலையில் காலையில் பூவைக் கிள்ளி எறிய வேண்டும்.

விதையைத் தெய்வானையின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"உது கிழங்கோ? உது பயறெல்லோ!"

"வேரிலை கிழங்கு விழும்."

அப்பொழுதுதான் துலாக்கயிற்றோடு கார்த்திகேசு வந்தான். எட்டிப் பார்த்தான். "பயறிலை கிழங்கோ? அப்ப மலாயாவிலை மாங்காய் எங்கை காய்க்கிறது மச்சான், வேரிலையோ?" என்றான். தெய்வானை வாயைப் பொத்திச் சிரித்தாள். அந்த இடத்தில் என் மனதில் ஒரு முடிவு வந்தது. இந்த வளவில், இவன் கை படாமல், என் கையால் ஒரு கிழங்கை விளைவிக்க வேண்டும். அதைத் தின்று பார்த்து அவள் அந்த நாட்டுக்கு வர வேண்டும். வாயால் கூப்பிட்டு வராதவளைக் கிழங்கால் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

ஆவணிக் கடைசியில் விதை முழுவதையும் ஊன்றினேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், கார்த்திகேசுவின் சேம்புக்கும் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கும் நடுவில், எனக்குக் கிடைத்த இடம் ஒரு பாய் அகலம். மேலே மண், கீழே ஒரு முழம் போவதற்குள் கல். சிரம்பானில் மண்வெட்டியை ஊன்றினால் பிடிவரை இறங்கும். கம்பை நட்டு மறந்து போனால் அது தளிர்த்து நிற்கும் நாடு அது. இங்கே ஒவ்வொரு குழியையும் அலவாங்கால் இடித்துத் தோண்டி, பூவரசங்குழையை மண்ணுக்குள் தாட்டு, எரு போட்டு, மண்ணை நாமே உண்டாக்க வேண்டும். என் உள்ளங்கை கொப்பளித்தது. கார்த்திகேசு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "விடு மச்சான், நான் இடிச்சுத் தாறன்" என்றான். வேண்டாம் என்றேன். அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

ஐப்பசி மழைக்கு, நான் கட்டிவிட்ட பந்தலில் கொடி ஏறியது. கார்த்திகையில் பூத்தது. பூத்த முதல் நாள் காலையில் நான் கொடியடியில் நின்று ஒவ்வொரு பூக்கொத்தாகக் கிள்ளி நிலத்தில் போட்டேன்.

"என்ன மச்சான், பூக்கிற கொடிக்கு மொட்டையடிக்கிறாய்? நேத்திக்கடனோ?"

"கிள்ளினால்தான் கிழங்கு பெருக்கும்."

"ஓ, மலாயா முறையோ!" என்று அவன் உரக்கச் சொன்னான். ஒழுங்கையில் போன இரண்டு பெண்கள் நின்று வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தார்கள். என் காது சூடேறியது. 'ஏன், உன்ரை பொயிலைக்கு நீ தலை முறிக்கிறேல்லையோ?' என்று நான் கேட்டிருக்க வேண்டும். புகையிலைக்குப் பூவை முறித்தால் இலை தடிக்கும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த மறுமொழி எனக்கு நினைவு வந்தது மத்தியானம் கால் கழுவும்போதுதான். எனக்கு எல்லா மறுமொழியும் அப்படித்தான் வரும்.

தெய்வானை சிரிக்கவில்லை. நிலத்தில் கிடந்த பூக்களைக் குனிந்து பார்த்தாள். "தோட்டத்திலை என்னவும் செய்யலாம். வீட்டு வளவிலை, பூத்து வாறதைக் காய்க்க விடாமல்..." என்று தொடங்கியவள் மேலே சொல்லவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் எதை நினைத்தேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போய்ப் பூத்தட்டை எடுத்து வந்தாள்.

"நிலத்திலை எறியாதையுங்கோ. கிள்ளுறதெண்டால் பிள்ளையாருக்கெண்டு கிள்ளுங்கோ" என்றாள்.

அன்றிலிருந்து காலையில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. உயரத்தில் இருப்பதை நான் கிள்ளுவேன்; எட்டுகிற உயரத்தில் இருப்பதை அவள் கிள்ளுவாள். மழைத்துளி எங்கள் இருவர் தலையிலும் கொட்டும். "இஞ்சை ஒண்டு விட்டிட்டியள்" என்பாள். "அது மொட்டு" என்பேன். "மொட்டும் பூதான்" என்பாள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் கார்த்திகேசு தோட்டத்தில் புகையிலைக் கன்றுகளோடு நிற்பான். கோப்பி நேரத்தை அவன் வைத்திருந்தான்; பூ நேரத்தை நான் வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைபோல எனக்கு அதில் ஒரு பெருமை. மலாயாவில் இருக்கும் நண்பர்களே, மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் வீட்டை நடத்துகிறோம் என்று நினைத்திருக்கிறோம். வீடு நடப்பது வேறு விதமாக. 'இஞ்சை ஒண்டு விட்டிட்டியள்' என்று சொல்ல ஆள் கிட்ட நிற்க வேண்டும்.

தைப் பொங்கலுக்கு முதல் நாள் கார்த்திகேசு இராசவள்ளி கிண்டினான். ஒரு கிழங்கு ஆட்டுக்குட்டி அளவு. தெய்வானை தோல் சீவி, துண்டு போட்டு அவித்து, மசித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் துழாவினாள். அந்த நாவல் நிறமும் அந்த வாசமும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிரம்பானில் எத்தனையோ பொங்கலுக்கு அதை நினைத்திருக்கிறேன். இப்போது கோப்பை நிறைய முன்னால் இருக்கிறது. எனக்கு உள்ளே இறங்க மறுத்தது. அது அவ்வளவு நன்றாக இருந்தது என்பதுதான் காரணம். ஒரு குறை சொல்வோம் என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

"எப்பிடி மச்சான்?"

"பரவாயில்லை" என்றேன்.

"பரவாயில்லையாம்!" என்று கார்த்திகேசு தொடையில் தட்டிச் சிரித்தான். "தெய்வானை, உன்ரை மனுசன் மலாயாவிலை இதைவிட நல்லது தின்னுறார் போலை." அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் தோற்றுப் போனேன். சமைத்தது அவள் அல்லவா?

தை முடியும் சமயம் கப்பல் சீட்டு விசாரிக்க யாழ்ப்பாணம் பட்டினத்துக்குப் போனேன். இன்னும் ஒரு கிழமையில் செங்குவாங் கிண்டலாம் என்று கணக்கு. அன்று நானே கிண்டி, நானே உரித்து, முதல் துண்டை அவள் கையில் வைக்க வேண்டும் என்று மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எப்படித் தின்பது என்பதை அவளுக்குச் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டால் அன்றைக்கு என்ன மிச்சம்? பின்னேரம் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் வரும்போதே குசினிப் புகை மரத்துக்கு மேலால் போவது தெரிந்தது. படலையைத் திறந்தால், என் பந்தல் வெறுமையாக நிற்கிறது. குழிகள் கிண்டிக் கிடக்கின்றன. பக்கத்து வளவுப் பெண்கள் இருவர் குசினி வாசலில் குந்தியிருக்கிறார்கள். கார்த்திகேசு வியர்வையோடு எழுந்து வந்தான்.

"மச்சான், நீ வர முதல் அவிச்சு வைப்பம், களைச்சு வந்தவுடனை தின்னட்டும் எண்டுதான் கிண்டினனான். ஆனால் உன்ரை கிழங்குக்கு விறகுக்கெண்டு ஒரு பனை தறிக்க வேணும்போலை கிடக்கு!"

தெய்வானை அடுப்படியில் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் புகையில் சிவந்திருந்தது. "மத்தியானத்திலை இருந்து அவியுது. ஈர்க்கு குத்தினால் இறங்குதில்லை. மாப்பிடிக்கவே இல்லை. நான்தான் பிழையாய் அவிச்சனோ?" என்று என்னிடம் கேட்டாள்.

என் கிழங்கு. என் குழி. அவன் கிண்டியிருக்கிறான். அதுவும் எனக்கு நல்லது செய்கிறேன் என்று கிண்டியிருக்கிறான். அதனால் அவனோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை. கோபத்தோடு தெய்வானையின் பக்கம் திரும்பினேன். ஆனால் அவள் முகத்தில் இருந்தது பயம். முன்பு ஒரு காலம், வேறு நாட்டு அடுப்புக்கு முன்னால், விறகுக்கு மேல் விறகாக வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

"உம்மிலை பிழையில்லை. அது அவிக்கிற கிழங்கில்லை" என்றேன்.

"அப்ப, பொரிக்கிறதோ?"

"பச்சையாய்த் தின்னுறது."

பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி, "பச்சைக் கிழங்கு தின்ன நாங்கள் என்ன காட்டுப் பண்டியோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கார்த்திகேசு, அவிக்காமல் மூலையில் கிடந்த கிழங்குகளில் ஒன்றை எடுத்து, வேட்டிக் கொடுக்கைப் பிரித்து அதில் துடைத்து, நகத்தால் தோலை உரித்து, கொய்யாப்பழம் கடிப்பதுபோல ஒரு கடி கடித்தான். மொறுக்கென்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சாறு தாடையில் வழிந்தது.

"எடி தெய்வானை! வெள்ளரிக்காயும் கரும்பும் கலியாணம் முடிச்சுப் பெத்த பிள்ளையடி இது!"

அவன் இன்னொரு துண்டை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, தேசிக்காய்ப் புளி இரண்டு துளி பிழிந்து விட்டு, அவள் கையில் வைத்தான். நான் வைக்க இருந்த கையில் அவன் வைத்தான். அவள் சந்தேகத்தோடு நுனியைக் கடித்தாள். பிறகு முழுவதையும் வாயில் போட்டாள்.

"நல்லாயிருக்கு, அண்ணை" என்றாள்.

அண்ணை! நான் கடல் கடந்து கொண்டு வந்த விதை. என் கை கொப்பளித்த குழி. நல்லாயிருக்கு என்ற சொல்லும் வந்துவிட்டது. ஆனால் அது போய்ச் சேர்ந்த விலாசம் வேறு. அன்று வீட்டில் எல்லாரும் செங்குவாங் தின்றார்கள். நான் தலையிடி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை கார்த்திகேசு வந்து, "விதை தா மச்சான். வாற மாரிக்கு ஒரு பரப்பு நிலத்திலை போடுவம். சுன்னாகம் சந்தையிலை கொண்டுபோய் வைச்சால் சனம் விழுந்தடிச்சு வாங்கும்" என்றான்.

"விதை இல்லை" என்றேன்.

"ஏன் இல்லை?"

"பூவெல்லாம் பிள்ளையாருக்குப் போட்டிட்டமே, அண்ணை" என்றாள் தெய்வானை. "பூவில்லாமல் காயேது, விதையேது?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு. விதை இல்லை. இனி இந்த ஊரில் அவன் இதை விளைவிக்க முடியாது. 'கார்த்திகேசுவின்ரை கிழங்கு' என்று சுன்னாகத்தில் ஒருவரும் இதைச் சொல்லப் போவதில்லை. அந்தச் சுவை வேண்டுமென்றால் அவள் சிரம்பானுக்குத்தான் வர வேண்டும்.

கார்த்திகேசு தாடையைச் சொறிந்தான். "விதை இல்லாட்டி என்ன? கிழங்கு ஒண்டு கிடக்குத்தானே. தலைப்பக்கத்திலை சீவன் இருக்கும். தாட்டுப் பாப்பம்" என்றான். அவன் இடம் தேடவும் இல்லை. இராசவள்ளி கிண்டிய குழி பூவரசடியில் குழையும் எருவுமாகப் பஞ்சுபோல இருந்தது. மிஞ்சிய ஒரே செங்குவாங்கை அதற்குள் வைத்து மண்ணை மூடினான். மலாயாவில் இப்படி ஒருவரும் நட்டு நான் பார்த்ததில்லை. அழுகிவிடும் என்று நினைத்தேன். அழுகட்டும் என்றும் நினைத்தேன். தினமும் காலையில் ஒருவருக்கும் தெரியாமல் போய் மண்ணைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால் திருப்தியாகக் கோப்பி குடிப்பேன்.

மாசி நடுவில் முளைத்தது. இரண்டு தளிர், பச்சைப் பாம்புக்குட்டி தலை தூக்கியதுபோல. அவனுடைய கைராசி என் கிழங்கிலும் பலித்துவிட்டது.

அன்று பின்னேரம் தெய்வானை வாளியோடு வந்து அந்த முளைக்குத் தண்ணீர் வார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கப்பல் நாள் குறித்தாகிவிட்டது. ஒரு சீட்டா, இரண்டா என்று ஏஜெண்டு கேட்டதற்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே தொடங்கினாள்.

"இந்தமுறை ஒரு சீட்டு எடுங்கோ."

ஒன்றுதானா என்று நான் கேட்பதற்குள் அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கொடியைக் கிள்ள விடமாட்டன். பூக்கட்டும், காய்க்கட்டும், விதை முத்தட்டும்" என்றாள். "விதையோடை வாறன். அங்கை உங்கடை வளவிலை நான்தான் ஊண்டுவன்."

"உம்மடை அண்ணைக்கு ஆர் சமைக்கிறது?"

"அவர் தானும் உலை வைக்கப் பழகட்டுமன். கடிச்சுப் பழக்க ஆளில்லாமல் போச்சு" என்று சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வந்தது. அதற்குள் ஒரு நெளிந்த பேணியும் இல்லை, ஒரு தமையனும் இல்லை.

செங்குவாங் விதை சிரம்பான் சந்தையில் கேட்டால் கை நிறையக் கிடைக்கும். மக் லிமாவின் வேலியில் சும்மாவே தொங்கும். இங்கிருந்து ஒரு விதையும் கொண்டு போகத் தேவையில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேறு ஏதாவது ஒன்று முத்தும்வரை நிற்க வேண்டிவரும் என்று பயந்தேன். அவளுக்கும் ஒரு காரணம் கையில் வேண்டும். வெறுங்கையோடு ஒரு நாட்டுக்குப் போக அவளால் முடியாது; நான் அப்படிப் போய்த்தான் இப்படி ஆனேன்.

ஆனால் இப்போது என் நிலைமையைப் பாருங்கள். என் மனைவி வருவது ஒரு கொடியில் தங்கியிருக்கிறது. அந்தக் கொடி கார்த்திகேசுவின் கையில் இருக்கிறது. அதில் விதை முற்றினால் அவன் தன் வீட்டு அடுப்பைத் தானே மூட்ட வேண்டும். ஆடு தின்றது என்று சொல்லி ஒரு இரவில் அவன் அதை இல்லாமல் செய்துவிடலாம். அவள் சொன்னது அவனுக்கும் தெரியும். நேற்று அவன் பூவரசடியில் குந்தியிருந்து அந்த முளையைச் சுற்றி முள்ளுக் கட்டிக்கொண்டிருந்தான். அருகில் கமுகஞ் சிலாகையில் புதிய பந்தல். என்னுடையதைவிட இரண்டு மடங்கு பலம். "நல்ல உயரமாய்ப் போட்டிருக்கிறன் மச்சான். நிறையப் பூக்கும்" என்றான். முகத்தைத் திருப்பவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! அந்தப் பந்தலைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. ஒருவன் தனக்கு நட்டம் வருகிற கொடிக்கு இவ்வளவு நல்ல பந்தல் போட முடியுமா? நான் போட்டிருப்பேனா?

நாளைக்கு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். பிறகு கப்பல். சிரம்பானில் பின்னேரம் பின்னேரம் மழை பெய்யும். தகரக் கூரையில் அந்தச் சத்தம் கேட்கும்போது மற்றவர்கள் உடுப்பை உள்ளே எடுக்க ஓடுவார்கள். நான் வாசலில் நின்று, இங்கே போதும், சண்டிலிப்பாயில் பூவரசடிக்குக் கொஞ்சம் பெய் என்று கேட்பேன். அந்த மழைக்குப் போக வழி தெரியுமோ என்னவோ. கூடவே, என் மச்சானுடைய கைராசி குறையக் கூடாது என்றும் கேட்பேன்.

சண்டிலிப்பாய்,
ஈசுவர வருடம், பங்குனி மாதம் 9ந் திகதி.